டோல்கீன் (குடும்பப் பெயர்)

டோல்கீன் என்பது பிரித்தானியாவில் அரிதாக வழங்கும் ஒரு குடும்பப் பெயர் ஆகும். கிழக்குப் பிரஷ்யாவில் தோன்றிய இப்பெயர் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தை அடைந்தது. 'தி ஹாபிட்', 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' ஆகிய நூல்களை எழுதிய ஜே. ஆர். ஆர். டோல்கீன் (1892–1973) வாயிலாக இது உலகெங்கும் அறியப்பட்டது. மொழியியல் அறிஞரான அவர் தம் பெயருக்குக் கொண்டிருந்த விளக்கம் பின்வந்த ஆய்வாளர்களால் மறுக்கப்பட்டுள்ளது.

பெயர்க்காரணம்

'அசட்டுத் துணிச்சல் உடைய' எனப் பொருள்படும் 'டோல்க்யூன்' என்னும் ஜெர்மன் சொல்லிலிருந்து இப்பெயர் வந்ததாக எழுத்தாளர் டோல்கீன் கருதினார். 1529இல் நடந்த வியன்னா முற்றுகையில் துருக்கிய சுல்தானின் கொடியைக் கைப்பற்றிய முன்னோர் ஒருவருக்கு இது பட்டப்பெயராக அமைந்தது என்பது குடும்பக் கதை. இதற்குச் சான்று இல்லை. தம் படைப்பொன்றில் இப்பொருள் தரும் 'ராஷ்போல்ட்' என்ற பெயரை அவர் வேடிக்கையாகப் பயன்படுத்தினார்.

பிரஷ்யப் பகுதியில் மொழிபெயர்ப்பாளரைக் குறித்த 'டோல்க்' என்னும் சொல்லே இதன் வேர் என்பது மற்றொரு கருத்து. இதன்படி இப்பெயர் 'மொழிபெயர்ப்பாளரின் வழித்தோன்றல்' எனப் பொருள்படும்.

வரலாறு

17ஆம் நூற்றாண்டில் இக்குடும்பத்தினர் கிழக்குப் பிரஷ்யாவின் குரொய்ட்ஸ்பூர்க் நகரில் வாழ்ந்தனர். இந்நகர் இன்று ரஷ்யாவின் கலினின்கிராத் பகுதியில் உள்ளது. பின்னர் ஒரு கிளையினர் டான்சிக் (இன்றைய போலந்தின் கதான்ஸ்க்) நகரில் குடியேறினர். அங்கிருந்து டேனியல் காட்லீப், யோஹான் பெஞ்சமின் என்னும் உடன்பிறந்தோர் இருவர் லண்டன் சென்றனர். இளையவரான யோஹான் பெஞ்சமின் (1752–1819) கடிகாரத் தொழிலில் ஈடுபட்டார். எழுத்தாளர் டோல்கீன் இவரது மகனின் கொள்ளுப்பேரன் ஆவார்.

1938ஆம் ஆண்டு நிகழ்வு

'தி ஹாபிட்' நூலை ஜெர்மன் மொழியில் வெளியிட முன்வந்த ஒரு ஜெர்மன் பதிப்பகம், டோல்கீன் 'ஆரிய' வம்சத்தவரா என வினவியது. இதனால் சினமுற்ற அவர், திறமை மிக்க யூத இனத்தில் தமக்கு முன்னோர் இல்லாமை வருத்தத்திற்குரியது என மறுமொழி எழுதினார். தம் ஜெர்மன் பெயரைத் தாம் பெருமையாகக் கருதி வந்ததாகவும், இத்தகைய வினாக்கள் தொடர்ந்தால் அப்பெருமை நீடிக்காது என்றும் அதில் குறிப்பிட்டார். அவர் எழுதிய இரு மடல்களுள் எதை அனுப்புவது என்பதை லண்டன் பதிப்பாளரிடமே விட்டுவிட்டார். நாசி ஆட்சி முடிவுற்ற பின்னர், 1957இல்தான் அந்நூலின் ஜெர்மன் பதிப்பு வெளிவந்தது.