தோடும் கவரிங்கும்: காதணிப் பொருள்களின் வரலாறு

தோடு என்னும் சொல் ஓலைச்சுருளையும் காதணியையும் குறிக்கும். சுருட்டிச் செருகிய பனையோலை மெல்ல விரிந்து காதின் துளையைப் பெரிதாக்கும். தில்லைக்குரிய நடராசர் வடிவில் இடக்காதில் தோடும் வலக்காதில் மகரக்குழையும் அமைவது மரபு. தோடு அம்மையின் பாகத்தைக் குறிக்கும்.

ஓலைக்குப் பின் பொன். அது துருப்பிடிக்காது, புண்ணையும் உறுத்தாது. தூய பொன் எளிதில் வளையும் என்பதால், 91.6 விழுக்காடு பொன்னுள்ள 22 காரட்டில் நகை செய்கின்றனர்.

பொன் வாங்க இயலாத வீடுகளுக்குக் கைகொடுத்தது கவரிங். 'சிதம்பரம் கவரிங்' என்ற பெயர்ப்பலகையைக் கடலூரிலும் காணலாம், தமிழகத்தின் பிற ஊர்களிலும் காணலாம். செம்பு அல்லது பித்தளையின் மேல் பொன்முலாம் பூசுவதே இத்தொழில். கழுத்துச் சங்கிலிக்கு இது போதும். காதணியில்தான் சிக்கல். துளைக்குள் உரசும் தண்டில் முலாம் தேய்ந்தால், அடியிலுள்ள உலோகம் வியர்வையில் கரையும். அதில் நிக்கல் இருந்தால் சிலருக்கு அரிப்பும் நீர்வடிதலும் உண்டாகும். அந்த ஒவ்வாமை பெரும்பாலும் ஆயுள் முழுதும் நீடிக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 1994இல் இத்தகைய அணிகளின் நிக்கலுக்கு வரம்பு விதித்தது.

குத்திய காதில் வேப்பங்குச்சி செருகும் வழக்கமும் ஊர்ப்புறங்களில் இருந்தது. பொன்னும் மருத்துவத் தரமுள்ள டைட்டானியமும் புதுத் துளைக்கு ஏற்றவை. கவரிங் தோடு நன்கு ஆறிய காதுக்கு உரியது. அதுவும் தண்டு வெளுக்காத வரை.