புத்தியைக் காத்த உயிர்ச்சத்து

உணவில் ஒரு சத்து குறைந்தால் புத்தி பேதலிக்குமா? பேதலிக்கும் என்கிறது வரலாறு.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களைப் ‘பெல்லாக்ரா’ நோய் ஆட்டிப்படைத்தது. தோல் வெடிக்கும், வயிற்றுப்போக்கு வரும், இறுதியில் மனம் குழம்பும். பலர் மனநலக் காப்பகங்களில் அடைக்கப்பட்டனர். கிருமிதான் காரணம் என்று மருத்துவர்களே நம்பினர்.

1914இல் இதனை ஆராய வந்த அரசாங்க மருத்துவர் ஜோசப் கோல்ட்பெர்கர், காப்பக நோயாளிகளுக்கு வரும் நோய் அவர்களுடன் பழகும் தாதியருக்கு வராததைக் கவனித்தார். தொற்றுநோய் ஆள் பார்த்தா வரும்? நோயாளிகளின் தட்டில் பெரும்பாலும் மக்காச்சோளமே இருந்தது. பால், இறைச்சி, பருப்பு சேர்த்ததும் நோய் மீண்டும் தலைகாட்டவில்லை. அப்போதும் நம்பாதவர்களுக்காக, 1916இல் நோயாளியின் இரத்தத்தைத் தம் உடலிலேயே செலுத்திக் காட்டினார். நோய் தொற்றவில்லை. 1929இல் அவர் மறைந்தார். குறைந்த சத்து நியாசின், அதாவது வைட்டமின் பி3 என்பது 1937இல்தான் தெளிவானது.

இந்த வெற்றி ஆசையையும் வளர்த்தது. 1950களில் மனச்சிதைவு நோய்க்கும் நியாசினை அள்ளிக் கொடுத்தனர். அது பலன் தருவதற்கு ஆதாரமில்லை என்று 1973இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் குழு அறிவித்தது.

குறை இருந்தால் நிரப்பலாம். இல்லாத குறைக்கு மாத்திரை மருந்தாகாது. ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு வைட்டமின் வாங்கும் பெற்றோர், முதலில் மருத்துவரிடம் இரத்தப் பரிசோதனை பற்றிக் கேட்பதே நல்லது.