மலை மிதிவண்டியின் எடைக் குறைப்பு

மலை மிதிவண்டியின் எடைக் குறைப்பு என்பது, கரடுமுரடான தடங்களில் ஓட்டப்படும் மிதிவண்டியின் உறுப்புகளை நீக்கி, அதே பணியைச் செய்யும் இலேசான உறுப்புகளைப் பொருத்துவதாகும். சட்டகத்தை (பிரேம்) மாற்றாமலேயே இதனைப் பெருமளவு செய்ய இயலும். தொடக்கநிலை வண்டிகள் பொதுவாக 13 முதல் 15 கிலோகிராம் வரை எடை கொண்டவை.

எடைக் குறைப்பின் பயன் ஏற்றத்திலேயே வெளிப்படுகின்றது. ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்து 84 கிலோகிராம் எனின், 1 கிலோகிராம் குறைவது ஏறத்தாழ 1.2% ஆகும். ஒரு மணி நேரச் செங்குத்து ஏற்றத்தில் இதனால் மிஞ்சுவது 40 வினாடி அளவே. செலவிடும் முன் இக்கணக்கை அறிந்திருத்தல் நன்று.

சக்கரங்கள்

டயர், ரிம் ஆகியவற்றின் எடை முன்னோக்கி நகர்வதோடு சுழலவும் செய்வதால், வேகம் கூட்டும்போது அதற்கு ஏறத்தாழ இருமடங்கு ஆற்றல் தேவைப்படுகின்றது. ஆனால் சீரான வேகத்தில் ஏறும்போது ரிம்மில் உள்ள ஒரு கிராமும் இருக்கையில் உள்ள ஒரு கிராமும் சமமே. ஆர்வலர்கள் இதனைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர்.

மலிவான முறை டியூபை நீக்குவதாகும். 29 அங்குலச் சக்கரத்தின் சாதாரண டியூப் ஏறத்தாழ 200 கிராம் இருக்கும். அதற்குப் பதிலாக ஊற்றப்படும் அடைப்புத் திரவம் ஏறத்தாழ 100 கிராம் என்பதால், மிச்சம் பாதியளவே. எனினும், கல்லுக்கும் ரிம்முக்கும் இடையே டியூப் நசுங்கி இரட்டைத் துளை விழும் ‘பாம்புக்கடி’ இதில் இல்லை. எனவே காற்றழுத்தத்தைக் குறைத்து நல்ல பிடிமானம் பெறலாம். இதற்கேற்ற ரிம்மும் டயரும் தேவை. மிக மெல்லிய டயர்களின் பக்கச்சுவர் கூரிய கற்களில் எளிதில் கிழியும்.

பற்சக்கரங்களும் கவையும்

2012 இல் அமெரிக்காவின் ஸ்ராம் நிறுவனம் எக்ஸ்எக்ஸ்1 தொகுதியை வெளியிட்டது. முன்புறம் ஒரே பற்சக்கரமும் பின்புறம் 10 முதல் 42 பற்கள் வரையான 11 பற்சக்கரங்களும் கொண்ட இதில் முன் கியர் மாற்றி, அதன் நெம்புகோல், கம்பி ஆகியன தேவையற்றுப் போயின. 10 பல் சக்கரத்தைப் பொருத்தப் பின்சக்கரக் குடத்தில் தனிவகை உருளை வேண்டும்.

சுருள்வில் கொண்ட மலிவான முன்கவை (போர்க்) ஏறத்தாழ 2.5 கிலோகிராம் இருக்கும். காற்றுவில் கொண்ட இலேசான கவையால் ஒரு கிலோகிராம் அளவுக்குக் குறைக்கலாம். ஆயினும் மேல்நோக்கிக் குறுகும் தண்டுடைய கவைகள், பழைய சட்டகங்களின் நேரான தலைக்குழாயில் பொருந்தா.

பாதுகாப்பு

கைப்பிடித் தண்டு (ஹேண்டில்பார்), இருக்கைத் தண்டு ஆகியவை கார்பன் இழையிலும் கிடைக்கின்றன. இவற்றின் திருகாணிகளை, உறுப்பின் மீது குறிக்கப்பட்ட முறுக்குவிசையை மீறாமல், அளவுகாட்டும் சாவியால் இறுக்க வேண்டும். அளவுக்கு மீறி நசுக்கப்பட்ட கார்பன், அலுமினியத்தைப் போல் வளைந்து எச்சரிக்காமல், இறக்கத்தின் நடுவே சட்டென முறியக்கூடும். பலமாக விழுந்த வண்டியின் கார்பன் கைப்பிடித் தண்டைச் சோதிக்காமல் மீண்டும் பயன்படுத்தலாகாது.