மூன்று அடியா, மூன்று மைலா?

தெல்தோட்டையிலிருந்து நண்பர் ஒருவர் தொலைபேசியில் கேட்ட கேள்வியே இதனை எழுதக் காரணம். லயத்தின் பின்புறத் தாழ்வாரத்தில், மண்முட்டி ஒன்றில் பல ஆண்டுகளாகத் தேனீ வளர்த்து வருபவர் அவர். இப்போது அதே தோட்டத்தில் தனிவீடு கிடைத்திருக்கின்றது. லயத்திலிருந்து முந்நூறு யார் தூரம்கூட இராது. வீட்டுச் சாமான்களை ஒரு பொழுதில் சுமந்துவிடலாம். முட்டியை எப்படிக் கொண்டுபோவது? முன்னர் அயலவர் ஒருவர் யோசனையின்றி இடம் மாற்றியதில், மறுநாள் காலை வெளியே போன தேனீக்களெல்லாம் பழைய சுவருக்கே திரும்பி வந்து மொய்த்து, ஓரிரு நாளில் அங்கேயே மடிந்தனவாம்.

இங்கிலாந்துத் தேனீ வளர்ப்போரிடையே பழைய வழக்கு ஒன்றுண்டு. கூட்டை நகர்த்துவதானால் மூன்று அடி நகர்த்து, அல்லது மூன்று மைல் கொண்டுபோ என்பார்கள். மூன்று அடியென்றால் தேனீ தடுமாறித் தேடியேனும் வாசலைக் கண்டுகொள்ளும். மூன்று மைலென்றால் பழகிய அடையாளம் எதுவும் கண்ணில் படாது. புதிதாகப் பாதை படிக்கும். இடைப்பட்ட தூரமே ஆபத்தானது. நண்பரின் முந்நூறு யார் அந்த ஆபத்தின் நடுவே கிடக்கின்றது. ஆனால், இந்தக் கணக்கு நம் நாட்டுத் தேனீக்குப் பொருந்துமா என்பது வேறு கேள்வி. அதற்கு விடை தேடப் போனால், சரித்திரம் கண்டிப் பக்கமாகவே நம்மைத் திருப்பிக் கொண்டுவருகின்றது.

கண்டி இராச்சியத்தில் 1660 முதல் 1679 வரை சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர் றொபேர்ட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட தமது நூலில் இங்குள்ள தேனீக்களை மூன்று வகையாகப் பிரித்து எழுதியிருக்கின்றார். அவற்றுள் முதலாவதான 'மீ' ஈயைத் தம் ஊர்த் தேனீயோடு ஒப்பிடுகின்றார். மரப்பொந்திலும் கறையான் குடைந்த மண்பொந்திலும் அது கூடு கட்டும். ஊரவர் பொந்தினுள் வாயால் ஊதி ஈக்களை வெளியேற்றி, வெறுங்கையால் அடைகளை எடுத்துப் பானையில் இட்டுச் செல்வார்கள். கொட்டுமென்ற அச்சமே அவர்களுக்கில்லை என்கின்றார். இரண்டாவது, உயர்ந்த மரக்கிளைகளில் திறந்தவெளியில் அடை தொங்கவிடும் பெரிய 'பம்பர'. மூன்றாவது சிறிய கொசுத்தேனீ.

இந்த இரண்டாவதைப் பற்றி ஒரு வார்த்தை. கொழுந்து பறிக்கும் பெண்கள் 'குளவி கொட்டி' மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டதாக மலையகச் செய்திகளில் அடிக்கடி வாசிக்கின்றோமே, அவற்றிற் பல குளவிகளே அல்ல, பம்பரத் தேனீக்கள். எங்கள் தொழிலில் இந்தப் பெயர்க்குழப்பம் தலைமுறை தலைமுறையாகத் தொடர்கின்றது. இங்கே நான் சொல்லப்போகும் எதையும் பம்பரக் கூட்டில் எவரும் பரீட்சித்துப் பார்க்க வேண்டாம். முட்டியிலும் பெட்டியிலும் குடியிருக்கும் மீ ஈ பற்றியே பேசுகின்றேன்.

சரி, தேனீ ஏன் வெறும் சுவருக்குத் திரும்பி வருகின்றது? 1885இல் ஜோர்ஜ் றோமானிஸ் என்ற ஆங்கிலேய அறிஞர் கடற்கரையோர வீடொன்றில் ஒரு பரிசோதனை செய்தார். கூட்டிலிருந்து பிடித்த தேனீக்களைக் கடலிற் கொண்டுபோய் விட்டார், அவை திரும்பவில்லை. கடற்கரையில் விட்டவையும் திரும்பவில்லை. வீட்டின் அருகிலிருந்த பூந்தோட்டத்தில் விட்டவையோ திரும்பிவிட்டன. கடற்கரை ஒன்றும் தொலைவிலில்லை. பூ இல்லாத அந்தப் பக்கம் அவை போய்ப் பழகியிராததே காரணம்.

இத்தனைக்குப் பிறகும் 1898இல் ஜேர்மனியரான அல்பிரெக்ட் பேத்தே தேனீக்கு ஞாபகமென்று எதுவுமில்லை என்று வாதிட்டார். (பின்னாளில் பௌதிகவியலுக்காக 1967இல் நோபல் பரிசு பெற்ற ஹான்ஸ் பேத்தேயின் தந்தை இவர்.) அவர் கூட்டைச் சிறிது தூரம் நகர்த்திப் பார்த்தார். திரும்பி வந்த தேனீக்கள், கண்ணெதிரே நின்ற கூட்டை விட்டு, வாசல் முன்பிருந்த வெற்று வெளியில் திரளாகச் சுழன்றன. ஆகவே, நாமறியாத ஏதோ ஒரு விசை அவற்றை இழுக்கின்றது என்றார். தெல்தோட்டை அயலவர் கண்ட அதே காட்சிதான். அவருக்கு நட்டம், இவருக்குத் தத்துவம்!

1900இல் பூட்டெல்-றீப்பென் இதற்கு மறுப்பு எழுதினார். அறிஞராயிருந்ததோடு தேனீ வளர்ப்பையும் நன்கறிந்தவர் என்பதால் அவருடைய சான்றுகள் எளிமையானவை. விசைதான் இழுக்கின்றதென்றால், தாய்க்கூட்டிலிருந்து பிரிந்து போன திரளைச் சில யார் தள்ளி வேறு பெட்டியிற் குடியேற்றும்போது அது ஏன் பழைய வாசலுக்குத் திரும்புவதில்லை? மயக்கமருந்து கொடுக்கப்பட்ட தேனீ ஏன் இடத்தை மறந்துவிடுகின்றது? மறக்கக்கூடியதென்றால் அது ஞாபகமாகத்தானே இருக்க வேண்டும். முதன்முதலாக வெளியே வரும் தேனீ, வாசலைப் பார்த்தபடியே முன்னும் பின்னும் அரைவட்டமிட்டுப் பறப்பதை வளர்ப்போர் அனைவரும் அறிவர். இடத்தை அது மனதிற் பதித்துக்கொள்கின்றது.

இனி இலங்கைக்கு வருவோம். தேனீயின் நடன மொழியை வாசித்தமைக்காக 1973இல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வொன் பிரிஷ்ஷின் மாணவர் மார்ட்டின் லிண்டவர். அவர் இங்கு வந்து நம் தேனீக்களை ஆராய்ந்து 1956இல் முடிவுகளை வெளியிட்டார். இரை சில பத்து மீற்றருக்கு அப்பால் இருக்கும்போதே ஐரோப்பியத் தேனீ திசைகாட்டும் நடனத்தைத் தெளிவாக ஆடத் தொடங்கும். நம் மீ ஈயோ இரண்டு மீற்றரிலேயே தொடங்கிவிடுகின்றது. இரை தேடிப் போகும் தூரமும் அதற்கேற்பக் குறுகியதே. 1985இல் புஞ்சிஹேவாவும் கோனிகர் முதலியோரும் இலங்கைத் தேனீக்களின் நடனத்தையும் இரைதேடும் எல்லையையும் மீண்டும் ஆராய்ந்தனர். ஐரோப்பியத் தேனீ ஆறு கிலோமீற்றர் வரை இயல்பாகப் போய் வரும். நம்முடையதற்குப் பெரும்பாலும் ஒரு கிலோமீற்றருக்குள்ளேயே உலகம் முடிந்துவிடுகின்றது.

ஆகவே மூன்று மைல் என்பது இங்கிலாந்துத் தேனீயின் அளவுகோல். அதனை அப்படியே இங்கு ஒப்புவிப்பது, லூல்கந்துரவில் 1867இல் ஜேம்ஸ் டெயிலர் பத்தொன்பது ஏக்கரில் நட்ட தேயிலைக்கு ஸ்கொத்லாந்து மழைக்கணக்கைப் பார்ப்பது போன்றதே. நம் முட்டியை இரண்டு கிலோமீற்றர் அப்பால், இடையில் ஒரு மலைமுகடும் இருந்தால் இன்னும் நல்லது, பக்கத்துத் தோட்டத்து உறவினர் வீட்டில் வைத்தாலே போதும் என்பது என் கணிப்பு. இரண்டு மூன்று வாரத்தில் பழைய இடமறிந்த கிழட்டுத் தேனீக்களிற் பெரும்பகுதி ஆயுள் முடிந்து போகும். மற்றவை புதிய இடத்தைப் பழகியிருக்கும். பிறகு புதுவீட்டுக்குக் கொண்டுவரலாம். வாகனக் கூலி மிச்சம்.

அதற்கும் வசதியில்லையென்றால், அடைமழைக் காலத்தைப் பார்த்திருக்க வேண்டும். சில நாள் வெளியே போகாமல் அடைந்து கிடந்த கூட்டம், வெயில் கண்டு வரும்போது மறுபடி இடம் பார்த்துப் பறப்பதுண்டு. இருட்டி, எல்லாம் அடங்கிய பின் வாசலைக் காற்றுப் புகும் வலைத்துணியால் கட்டித் தூக்கலாம். முட்டியைச் சரிக்கவோ உருட்டவோ கூடாது. அடைகள் எப்படித் தொங்குகின்றனவோ அப்படியே தொங்க வேண்டும், புது அடை சட்டென்று அறுந்து விழும். அதிகம் அலைக்கழித்தால் நம் தேனீ கோபித்துக்கொண்டு கூட்டையே விட்டுப் போய்விடும். ஐரோப்பியத் தேனீயை விட இதற்கு ரோஷம் அதிகம். புதிய இடத்தில் வாசலுக்கு முன்னால் இலையோடு ஒரு கிளையைச் சாத்தி வைத்தால், வெளிவரும் ஈ தடுக்குண்டு, நின்று, திரும்பிப் பார்த்துப் பறக்கும்.

அப்படியும் சில பழைய தாழ்வாரத்துக்குப் போகத்தான் செய்யும். அவற்றுக்காக அங்கே ஒரு வெறும் முட்டியை, உள்ளே ஒரு துண்டுப் பழைய அடையோடு வைக்கும்படி நண்பரிடம் சொன்னேன். மாலையில் அதில் வந்து ஒண்டியிருப்பவற்றை மூடி எடுத்துப்போய்ப் புதுவீட்டு வாசலில் கவிழ்த்துவிட வேண்டும். நாலைந்து மாலை நடக்க வேண்டியிருக்கும்.