ஈற்றெழுத்தைக் காத்த கருவி

தமிழ் வாக்கியத்தின் உயிர் அதன் ஈற்றில் உறைகின்றது. ‘வந்தான்’, ‘வந்தாள்’, ‘வந்தார்’ என்னும் மூன்று சொற்களும் கடைசி எழுத்திலேயே வேறுபடுகின்றன. வந்தவர் ஆணா, பெண்ணா, மதிப்பிற்குரியவரா என்பதை அவ்வோரெழுத்தே உணர்த்துகின்றது. ஆயின், பேசுவோரின் மூச்சுக் குறைந்து குரல் தாழ்வதும் அங்கேதான். எதிரில் அமர்ந்து கேட்பவருக்கு இதனால் இடரில்லை. மலைகளுக்கு அப்பால் வானொலிப் பெட்டியருகே இருப்பவருக்கோ, இரைச்சல் முதலில் விழுங்குவது அந்த ஈற்றெழுத்தைத்தான்.

பீர்மேட்டு மலைகளில், தேயிலைத் தோட்டங்கள் சூழ அமைந்த ஊர் ஏலப்பாறை. தமிழகத்திலிருந்து மலையேறி வந்த தொழிலாளர் குடும்பங்கள் அங்கே தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. 1956 நவம்பர் 1-இல் மாநிலங்கள் மொழிவழியாகத் திருத்தி அமைக்கப்பட்டபோது பீர்மேடு வட்டம் கேரளத்தைச் சேர்ந்தது. 1972-இல் தோன்றிய இடுக்கி மாவட்டத்தில் இன்று அஃது அடங்கியுள்ளது. சென்னை வானொலி நிலையம் 1938 ஜூன் 16-இலும், திருச்சி நிலையம் 1939 மே 16-இலும் பிறந்தன. தொலைவில் வாழ்ந்த தமிழருக்குத் தாய்மொழியின் ஒலியைச் சுமந்து சென்றது மத்திய அலை. பகலில் தரையோடு செல்லும் அந்த அலை, தொலைவு ஏற ஏற மெலியும். இரவிலோ உயரத்திலுள்ள அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி நெடுந்தொலைவு எட்டும். எட்டினும், ஏறியும் இறங்கியும் வரும். மின்னலின் கரகரப்பும் உடன் வரும்.

இந்நிலையில் ஒலிபரப்புவோருக்கு ஓர் இக்கட்டு இருந்தது. அலை தாங்கும் ஒலிக்கு எல்லை உண்டு. அதனை மீறினால் ஒலி சிதையும். நாகசுரமும் தவிலும் உச்சம் தொடும்போது எல்லை மீறாதிருக்க ஒலியளவைத் தாழ்த்தி வைத்தால், தம்புராவின் சுருதியும் உரையாளரின் தாழ்ந்த குரலும் இரைச்சலில் மூழ்கும். தொடக்கத்தில் மனிதனின் கையே இதற்கு மருந்தாயிற்று. கட்டுப்பாட்டு அறையில் பொறியாளர் ஒருவர் அளவுமானியின் முள்ளைப் பார்த்தவண்ணம் குமிழைத் திருகிக்கொண்டிருப்பார். ஆனால், திடீரென எழும் தவிலடியை முந்துமளவுக்குக் கை விரையுமா?

அவ்வேலையை மின்சுற்றிடமே ஒப்படைக்கும் எண்ணம் பல இடங்களில் முளைத்தது. அலையின் ஏற்றவிறக்கத்தை வானொலிப் பெட்டியே சரிக்கட்டிக்கொள்ளும் சுற்றினை, 1925-ஐ ஒட்டி அமெரிக்கரான ஹெரால்டு வீலர் வகுத்தார். கடல்கடந்த வானொலித் தொலைபேசியில் பேச்சை அனுப்புமிடத்தில் சுருக்கிப் பெறுமிடத்தில் விரிக்கும் கருவியைப் பற்றி, மாத்ஸ், ரைட் என்னும் பொறியாளர்கள் 1934-இல் எழுதினர். 1937-இல் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனம் வானொலி நிலையங்களுக்கெனத் தன்னியக்கமாக உச்ச ஒலியை அடக்கும் பெருக்கியை அளித்தது. இவ்வழியில் வளர்ந்ததே ‘கம்ப்ரெஸர்’ எனப்படும் ஒலியமுக்கி.

அதன் செயல்முறை எளியது. ஏரியில் வெள்ளம் ஏறினால் மிகைநீர் கலிங்கு வழியே வழிந்தோடும், கரை உடையாது. 1960-களின் தொடக்கத்தில் ஜேம்ஸ் லாரன்ஸ் அமைத்த எல்.ஏ.2ஏ என்னும் கருவி இதற்கு நல்ல சான்று. உள்ளே வரும் ஒலி மிகுந்தால் ஒரு சிறு ஒளிப்பலகை சுடர்விடும். அதன் எதிரேயுள்ள ஒளியுணர் மின்தடையின் தடை குறையும்; மிகையான ஒலி அவ்வழியே வடிந்துவிடும். நான்குக்கு ஒன்று என அமைத்த கருவியில், குறித்த எல்லைக்கு மேல் நான்கு டெசிபல் ஏறிய ஒலி ஒரு டெசிபல் மட்டுமே ஏறி வெளிவரும். உச்சம் இவ்வாறு அடங்கியபின் மொத்த ஒலியையும் உயர்த்தலாம். அப்பொழுதுதான் ஈற்றெழுத்து இரைச்சலுக்கு மேல் தலைதூக்குகின்றது. ஓர் எல்.இ.டி. விளக்கையும் ஒளியுணர் தடையையும் இருண்ட சிறு குழாயில் எதிரெதிராக வைத்து, ஒரு பெருக்கியோடு இணைத்து, இதே தத்துவத்தில் எளிய கருவியை இன்று ஆர்வலரும் அமைக்கின்றனர். ஒலிப்பதிவுக் கூடத்திலும் திருவிழா மேடையிலும் இதன் பணி ஒன்றே.

ஆயினும் அளவு வேண்டும். கருவி மிக விரைந்து அடக்கினால், மிருதங்கத்தின் அடி கூர்மை இழந்து மழுங்கும். மிக விரைந்து விடுவித்தால், சொற்களின் இடைவெளியில் மூச்சொலியும் இரைச்சலும் பொங்கி எழும். எல்லாவற்றையும் ஒரே உயரத்திற்கு நெருக்கினால், முணுமுணுப்பும் முழக்கமும் வேற்றுமையின்றி ஒலிக்கும். கேட்பவரின் செவி சலிக்கும். எவ்வளவு அடக்குவது என்பதைக் கருவி அறியாது. காது பழகிய பொறியாளரே அறிவார்.

இன்று இவ்வேலையைக் கணிப்பொறியே கணக்கிட்டுச் செய்கின்றது. கைப்பேசியில் தமிழ் கேட்பவருக்குப் பழைய கரகரப்பு நினைவில்லாதிருக்கலாம். எனினும், பேருந்தின் இரைச்சலிலும் தொழிற்கூடத்தின் ஓசையிலும், வந்தது ‘அவனா, அவளா, அவரா’ எனத் தடுமாறாமல் அவர் புரிந்துகொள்வதற்குக் காரணம், உரத்த ஒலியை அடக்கித் தாழ்ந்த ஒலிக்கு இடந்தந்த இவ்வேற்பாடே.