ஒலிபெருக்கித் தாங்கிகளில் அதிர்வுத் தணிப்பு

வீட்டு ஹை-ஃபை ஒலிபெருக்கியின் கூம்பு முன்னே நகரும்போது, சமமான எதிர்விசை பெட்டியைப் பின்னே தள்ளுகிறது. பெட்டியின் வழியே அந்த விசையை, பெட்டி நிற்கும் தாங்கியும் தரையும் வாங்கிக்கொள்கின்றன. இவற்றில் ஏதேனும் ஒன்றின் இயல்பு அதிர்வெண் இசையின் அதிர்வெண்ணோடு ஒத்துப்போனால் அதுவும் சேர்ந்து ஒலிக்கும். கேட்பவருக்கு அடித்தொனி குழம்பிக் கேட்கும்.

தாங்கியின் தேவையைப் பெருக்கியவை சிறிய பெட்டி ஒலிபெருக்கிகள். அவற்றுள் புகழ்பெற்றது பிபிசியின் எல்எஸ்3/5ஏ. இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் கிங்ஸ்வுட் வாரன் மாளிகையில் இயங்கிய பிபிசி ஆய்வுத் துறை, வெளிப்புற ஒலிபரப்பு வேன்களின் இட நெருக்கடியை முன்னிட்டு 1970களில் இதை வடிவமைத்தது. உயரம் ஏறத்தாழ 30 செ.மீ.; எடை 5 கிலோ அளவு. ரோஜர்ஸ் முதலிய நிறுவனங்கள் உரிமம் பெற்றுத் தயாரித்ததும் அது வீடுகளுக்குள் வந்தது. அமர்ந்திருப்பவரின் காது மட்டத்துக்கு அதை உயர்த்த வேண்டியதாயிற்று.

பிபிசி ஆய்வுத் துறையின் எச். டி. ஹார்வுட், ஆர். மேத்யூஸ் இருவரும் 1977இல் அளித்த அறிக்கை பெட்டிகளைப் பற்றியதே. ஆயினும் அதன் கருத்து தாங்கிகளுக்கும் பொருந்தும். தடித்த பலகையைவிட, உட்புறம் தார்த்தகடு ஒட்டிய மெல்லிய பிர்ச் ஒட்டுப்பலகை நன்கு அடங்குகிறது என்பது அதன் சாரம். விறைப்பைக் கூட்டினால் ஒத்ததிர்வு மேல் அதிர்வெண்ணுக்கு இடம்பெயருமே தவிர அழியாது. ஆற்றலை வெப்பமாக்கிக் கரைப்பது தணிப்புப் பொருளே.

உள்ளீடற்ற இரும்புக் குழாய்த் தாங்கியை விரல் கணுவால் தட்டினால் மணிபோல ஒலிக்கும். ஈரமில்லாத நுண்மணலைக் குழாயில் நிரப்பினால், மணிகள் ஒன்றோடொன்று உராய்ந்து அந்த ஒலியை விழுங்கிவிடும். ஈயக் குண்டு கூடுதல் எடை தரும். ஆனால் நஞ்சு என்பதால் வீட்டுக்கு ஏற்றதன்று. பெட்டிக்கும் மேல்தட்டுக்கும் இடையே நான்கு மூலைகளிலும் ப்ளூ டாக் என்னும் மென்மையான ஒட்டுப்பொருளை உருண்டையாக்கி வைப்பது மலிவானது, பயனுள்ளது.

பாதங்கள் இருவகை. கூர்முனை ஆணிகள் தாங்கியைத் தரையோடு பிணைத்து ஆட்டத்தை நிறுத்துகின்றன. அவை அதிர்வைக் கீழே மட்டும் விட்டு மேலே வராமல் தடுக்கும் என்பது விற்பனைப் பேச்சு. தொடுமுனை இருதிசையிலும் அதிர்வைக் கடத்தும். ரப்பர், சோர்போதேன் என்னும் அதிர்வு உறிஞ்சும் மென்பொருள், பாதியாக அறுத்த ஸ்குவாஷ் பந்து ஆகிய மென்பாதங்கள் அதிர்வைப் பிரிக்கின்றன. ஆனால் அமைப்பின் இயல்பு அதிர்வெண்ணைப் போல் 1.41 மடங்குக்கு மேற்பட்ட அதிர்வுகளையே இவை குறைக்கும். இயல்பு அதிர்வெண்ணை ஒட்டியவற்றைப் பெருக்கிவிடும். சுருள்வில்லைப் போல் இயங்கும் பாதம் எடையால் 1 மி.மீ. அமுங்கினால் அந்த அதிர்வெண் ஏறத்தாழ 16 ஹெர்ட்ஸ், 4 மி.மீ. அமுங்கினால் 8 ஹெர்ட்ஸ். எடைக்குப் பொருந்தாத கெட்டி ரப்பர் வீண். எனவே எளிதில் அதிராத கான்கிரீட் தரைக்கு ஆணி, உத்திரங்களின் மேல் அமைந்து எளிதில் அதிரும் மரத்தரைக்கு மென்பாதம் என்பதே முறை. டைல்ஸ் கீறாதிருக்க ஆணிக்கு அடியில் உலோக வில்லை வைப்பர்.

தற்காலத்தில் கனடாவின் ஐசோஅக்கூஸ்டிக்ஸ் போன்ற நிறுவனங்கள் எடைக்கேற்ற ஆயத்தப் பாதங்களை விற்கின்றன.