நெருக்கடிநிலை மக்களவையும் செங்கற்பட்டு உறுப்பினரும்

எதேச்சாதிகாரம் வந்தால் மக்கள் மன்றத்துக்குப் பூட்டு விழும் என்று பொதுவாக நம்புகிறோம். 1975 ஜூன் 25 முதல் 21 மாதம் நீடித்த நெருக்கடிநிலை இந்த நம்பிக்கையைப் பொய்யாக்கியது. நாடாளுமன்றம் கூடியது, வாக்களித்தது, அரசமைப்பையே திருத்தியது. 1976 ஜனவரி 31 அன்று கலைக்கப்பட்டது, எதிர்த்து நின்ற திமுகவின் பெரும்பான்மை கொண்ட தமிழ்நாட்டுச் சட்டமன்றம். ஆகவே அவை கூடுகிறதா என்று பார்ப்பது போதாது; அதன் உறுப்பினர் அரசிடம் எதைக் கேட்க முடிகிறது என்று பார்க்க வேண்டும். இதற்குச் செங்கற்பட்டுத் தொகுதியே போதிய சான்று.

1967, 1971 தேர்தல்களில் அத்தொகுதி மக்கள் தேர்ந்தெடுத்தவர், சென்னையின் முன்னாள் மேயர் சி. சிட்டிபாபு. திமுக ஆட்சி கலைக்கப்பட்டதும் மிசா என்ற தடுப்புக்காவல் சட்டத்தில் பிடிக்கப்பட்டுச் சென்னை மத்திய சிறையில் அடைக்கப்பட்டார். 1976 பிப்ரவரியில் அங்கே கைதிகள் தடிகளால் தாக்கப்பட்டனர். மு.க. ஸ்டாலின்மீது விழவிருந்த அடிகளைச் சிட்டிபாபு தம் உடலில் வாங்கிக்கொண்டார். 1977 ஜனவரி தொடக்கத்தில் உயிரிழந்தார். பின்னர் நீதிபதி மு.மு. இஸ்மாயில் ஆணையம் இச்சிறைக் கொடுமைகளை விசாரித்தது.

ஐந்தாம் மக்களவையின் ஐந்தாண்டுக் காலம் 1976 மார்ச்சில் முடிந்திருக்க வேண்டும். பிப்ரவரியில் நிறைவேறிய சட்டம் அதை ஓராண்டு நீட்டித்தது. அடிபட்டுக் கிடந்தவரின் பதவியும் அதே சட்டத்தால் நீண்டது! வாக்காளர்களுக்குப் பெயரளவில் பிரதிநிதி இருந்தார். அவர்களுக்காகப் பேச ஆளில்லை.

அவையில் இச்சிறைக் கொடுமையைப் பற்றி வேறு யாராவது கேட்டிருக்க முடியாதா? 1975 ஜூலை 21 தீர்மானம் கேள்வி நேரத்தையும் கவன ஈர்ப்பையும் நிறுத்திவைத்திருந்தது. அரசு அலுவல் மட்டுமே நடந்தது. அன்று மார்க்சிஸ்ட் உறுப்பினர் ஏ.கே. கோபாலன் எதிர்த்துப் பேசினார். தணிக்கை அத்தகைய பேச்சுகளை நாளேடுகளிலிருந்து விலக்கி வைத்தது. டிசம்பரில், பெரோஸ் காந்தி கொண்டுவந்திருந்த 1956ஆம் ஆண்டின் நாடாளுமன்ற நடவடிக்கை வெளியீட்டுப் பாதுகாப்புச் சட்டமும் நீக்கப்பட்டது.

அப்படியானால் அவையை ஏன் வைத்துக்கொண்டார்கள்? கையொப்பம் தேவைப்பட்டது. நெருக்கடிநிலைப் பிரகடனத்துக்கு இரு அவைகளின் ஒப்புதல் வேண்டும். பிரதமரின் தேர்தலை நீதிமன்றத்தின் பிடியிலிருந்து விடுவித்த 39ஆம் திருத்தத்துக்கு மூன்றில் இரு பங்கு வாக்குகள் வேண்டும். சட்டப்படி நடந்ததாகக் காட்ட அவை உதவியது. அதைப் பொம்மை என்று தள்ளுவது, அது செய்த தீங்கைக் குறைத்து மதிப்பிடுவதாகும்.

1978இன் 44ஆம் திருத்தம் அவையின் காலத்தை ஐந்தாண்டாக மீட்டது. நடவடிக்கைகளை உள்ளபடி வெளியிடுவோருக்கு 361அ பிரிவில் பாதுகாப்பு தந்தது. ஒரு குறை நீடிக்கிறது. தடுப்புக்காவலில் உள்ள உறுப்பினர் அவைக்கு வருவதை உரிமையாகக் கோர முடியாது என்று, ஆனந்த நம்பியார் வழக்கில் உச்ச நீதிமன்றம் நெருக்கடிநிலைக்குப் பத்தாண்டுகள் முன்பே கூறிவிட்டது. அந்த நிலையை எந்தத் திருத்தமும் மாற்றவில்லை.